பட்டியலில் நான்காவது இடம்

நியூ ஆர்லியன்ஸ்
15 பிப்ரவரி 2016

அன்புள்ள தங்கை வெர்லீனுக்கு,

அண்ணன் கிளியோஃபஸ் எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை, அது எப்போதும் அப்படித்தான். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? கண் எப்படி இருக்கிறது?

இது என் கையெழுத்து. பக்கத்து வீட்டு டெல்ஃபின் எழுதிக் கொடுத்ததில்லை. எழுபத்து மூன்று வயதில் நானே எழுதுகிறேன். செவ்வாயும் வியாழனும் நூலகத்தில் வகுப்பு. இதுவரைக்கும் எழுத முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் எழுந்து போய்க் காபி போட்டு, கதவருகே நின்று இந்தத் தாளைப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கிறது.

உன் கிறிஸ்துமஸ் அட்டையை டெல்ஃபின் அப்போதே வாசித்துக் காட்டினாள். போன வாரம் நானே எடுத்து வாசித்தேன். கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் உன் மகனைப் பற்றிச் சில வரிகள் இருந்தன. அவற்றை அவள் எனக்கு வாசிக்கவில்லை. கண்ணில் படவில்லையோ, என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டாளோ. ‘இலையுதிர் காலம் வரைக்கும்தான் என் கண் என்கிறார் டாக்டர். ஜெரோல் உன் ஊரில்தான் இருக்கிறானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டலில் பெண் வேடம் கட்டி ஆடுகிறானாம். ஒரு தடவை அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் அண்ணா.’

இரண்டு மாதம் அது என் குளிர்பெட்டி மேல் கிடந்திருக்கிறது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் பால் எடுத்தேன்.

வகுப்பில் கம்ப்யூட்டரில் ஏதாவது தேடி எடுத்து உரக்க வாசிக்கச் சொன்னார் டீச்சர். ஒருத்தர் பைபிள் வசனம் கேட்டார், ஒருத்தி மீன் குழம்பு கேட்டாள். நான், ‘இந்த ஊர்ல ஞாயிறு காலைல ஆம்பளைங்க பொம்பள வேஷம் கட்டுற டிராக் ஷோ எங்கெங்க நடக்குது?’ என்றேன். எண்பது வயது ரூஃபஸ், ‘கிளியோஃபஸ், இப்பதான் உனக்கு எழுத்து வந்துச்சு, அதுக்குள்ள எங்கடா கிளம்பிட்ட?’ என்றான்.

ஏழு இடங்கள் வந்தன. நானே வாசித்து நானே எழுதிக்கொண்டேன். காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பார்களாம். அதற்கு பிரஞ்ச் என்று பெயர். நம் வீட்டில் அதற்கு நேரம் கழித்து எழுந்திருப்பது என்று பெயர்.

ஒவ்வொரு இடமாகப் போகிறேன். ஏழு இடம்தானே. கண்டுபிடித்துவிடலாம்.

உன் அண்ணன்,
கிளியோஃபஸ்


நாச்சஸ், மிசிசிப்பி
2 மார்ச் 2016

அன்புள்ள அண்ணனுக்கு,

கர்த்தர் புண்ணியத்தில் இருக்கிறேன். உன் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது, ஆனால் எந்தக் கோழி என்று தெரிகிறது. அப்பா இருந்திருந்தால் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்.

இதைப் பற்றிப் போனில் பேசாதே. சமையலறையில் சபைப் பெண்கள் யாராவது இருந்துகொண்டே இருக்கிறார்கள். எழுது.

அவனைப் பார்த்தால் நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லாதே. என் கோபம் தீர்ந்தது என்றும் சொல்லாதே. பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவன் பையை வாசலில் வைத்தது நான்தான். சபை வாசலில் நின்று வருகிறவர்களை உட்காரவைக்கிற என் வேலையை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். அந்த வேலைக்குப் போடுகிற வெள்ளைக் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. அந்தக் கையோடுதான் வைத்தேன். அவன் உன் வீட்டுக்கு வந்தால் கதவைத் திறக்காதே என்று உனக்குப் போன் செய்தேன். நல்ல வேளை, அவன் அங்கே வரவே இல்லை என்றாய். அப்படியானால் அந்த ராத்திரி எங்கே படுத்தானோ. இப்போதெல்லாம் அதை நினைக்கிறேன்.

நடுவில் பார்க்கிறது எல்லாம் கறுப்பாகிவிட்டது. ஓரத்தில் மட்டும் தெரிகிறது. யார் முகத்தைப் பார்க்கவும் தலையைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பார்க்காத மாதிரி பார்க்கிறேன்.

முழங்காலுக்குக் கர்ப்பூரத் தைலம் தேய். பதில் போடு.

வெர்லீன்


நியூ ஆர்லியன்ஸ்
28 மார்ச் 2016

அன்புள்ள வெர்லீனுக்கு,

நலம். தைலம் தேய்த்தேன். பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, வசதியாக இருந்தது. நீ மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாயா?

மூன்று இடம் முடிந்தது. அவன் இல்லை. ஆனால் உனக்கு எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

முதல் இடத்தில் நான் நேராகப் பின்வாசலுக்குப் போய்விட்டேன். நாற்பத்தொரு வருஷம் இந்த ஊர் ஓட்டல்களில் பாத்திரம் கழுவின கால்கள், அவற்றுக்குப் பின்வாசல்தான் தெரியும். உள்ளே தடித்த சமையல்காரன் ஒருவன் நிமிர்ந்து, ‘லேட்டா வர்றீங்க பெரியவரே, ஏப்ரன் அங்க தொங்குது’ என்றான். கட்டிக்கொண்டு இரண்டு சட்டி தேய்த்தபிறகுதான் நான் சாப்பிட வந்தவன் என்பது ஞாபகம் வந்தது. சொன்னேன். ‘அப்ப இந்த மூணாவதையும் முடிச்சிட்டுப் போய் உக்காருங்க’ என்றான். முடித்துவிட்டுப் போனேன்.

முன்பக்கம் உட்கார்ந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மெனுவை ஒரு வரி விடாமல் வாசித்தேன். பரிமாறுகிற பெண் மூன்றாம் தடவை வந்து, ‘இன்னும் வாசிக்கிறீங்களா ஐயா?’ என்றாள். ‘கடைசிப் பக்கத்துல இருக்கேன், முடிவைச் சொல்லிடாதம்மா’ என்றேன். நண்டுப் பொரியலும் இரண்டு முட்டையும் சாப்பிட்டேன்.

அவர்கள் பாடுவதில்லை வெர்லீன். பாட்டு மெஷினில் ஓடுகிறது, இவர்கள் உதட்டை மட்டும் அசைக்கிறார்கள். ஆனால் மூச்சு வாங்குகிற இடம்கூடப் பிசகுவதில்லை. ஆறேகால் அடி உயரம், மஞ்சள் கவுன் போட்ட ஒருத்தி என் மடியில் உட்கார்ந்து, ‘தாத்தா, பொண்டாட்டி எங்க?’ என்றாள். ‘போய்ச் சேர்ந்து பன்னண்டு வருஷம்’ என்றேன். ‘அப்ப இடம் காலி’ என்று என் மண்டையில் முத்தம் வைத்தாள். உதட்டுச் சாயத்தோடு பஸ்ஸில் வந்திருக்கிறேன், டெல்ஃபின் சொன்னபிறகுதான் தெரியும்.

ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள். இந்த ஊர் வழக்கப்படி அவள் உடுப்பில் நெஞ்சுப் பக்கம் ஒரு டாலர் நோட்டை ஊசியால் குத்தினார்கள். பிறகு ஆளாளுக்கு வந்து குத்த, கடைசியில் அவள் இலைவிட்ட மரம் மாதிரி நின்றாள். நானும் ஒன்று குத்தினேன்.

நான் துக்கமாகத் தேட வேண்டியவன். ஆனால் சந்தோஷமாக இருந்தேன். தப்பாக நினைக்காதே.

என்னிடம் இருப்பது அவன் பன்னிரண்டு வயதில் எடுத்த போட்டோ, முன்பற்களுக்கு நடுவில் சந்தோடு சிரிப்பான் பார், அதுதான். அதைக் காட்டி ஜெரோலைத் தெரியுமா என்று எல்லா இடத்திலும் கேட்டேன். ‘இங்க யாருக்கும் யாரோட நிஜப் பேரும் தெரியாது தாத்தா, வீட்ல வைச்ச பேரை வாசல்லயே விட்டுட்டுதான் உள்ள வருவோம்’ என்றாள் மஞ்சள் கவுன்.

அடுத்தது நான்காவது இடம்.

கிளியோஃபஸ்


நியூ ஆர்லியன்ஸ்
18 ஏப்ரல் 2016

அன்புள்ள வெர்லீனுக்கு,

நலம். நீ நலமா?

நேற்று நான்காவது இடத்துக்குப் போனேன். நல்ல மழை. கூட்டமும் இருந்தது. சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்து ஐந்தாவது இடம்.

கிளியோஃபஸ்


நியூ ஆர்லியன்ஸ்
20 ஏப்ரல் 2016

அன்புள்ள மருமகன் ஜெரோலுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. உன் விலாசம் தெரியாததால் இதை உன் ஓட்டல் சமையல்காரரிடம் கொடுக்கிறேன். நீ நலமாக இருக்கிறாய் என்று என் கண்ணாலேயே பார்த்தேன். அதனால் நலமா என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் பழக்கதோஷத்தில் பின்வாசலில் வந்தேன். நீ மாவு மூட்டைக்கும் ஐஸ் மெஷினுக்கும் நடுவில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாய். ஒரு கண்ணுக்கு மட்டும் இமைமயிர் ஒட்டியிருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்து, ‘சட்டியெல்லாம் அந்தப் பக்கம்’ என்றாய். பிறகு திரும்பிப் பார்த்தாய். ‘ஷோ இருக்கு’ என்று சொல்லிவிட்டு எழுந்து போனாய்.

நான் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தேன். வாசலில் பலகையில் சாக்பீஸால் பெயர் எழுதியிருந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். மிஸ் வெர்லீன். புதிதாக வாசிக்கிறவன், தப்பாக வாசித்துவிட்டேன் என்று நினைத்தேன். மழையில் நின்று மறுபடி வாசித்தேன்.

ஊதா இறகுத் தொப்பி. வெள்ளைக் கையுறை. சபையில் கொடுப்பார்களே, சவஅடக்கக் கடை பேர் போட்ட அட்டை விசிறி, அது. தாமதமாக வந்த நாலு பேரை நிறுத்தி நீ சொன்னது: ‘வாங்க வாங்க. ஆண்டவர் பதினோரு மணிக்கே வந்துட்டாரு. நீங்க பதினொன்னே காலுக்கு வர்றீங்க. அவருக்குக் காரும் இல்ல. முன்வரிசைல இடம் இருக்கு, பாவிங்களுக்கு எப்பவும் முன்வரிசைதான்.’ எல்லோரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, சாப்பாடும் இறங்கவில்லை. என் தங்கையை நான் நாலு வருஷமாகப் பார்க்கவில்லை. அவள் அங்கே நடந்துகொண்டிருந்தாள்.

கேலி செய்கிறாயா, கும்பிடுகிறாயா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அம்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. இலையுதிர் காலம் வரைக்கும்தான். உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறாள். அதற்கு மேல் எதுவும் சொல்லக்கூடாது என்பது அவள் உத்தரவு. உன்னைக் கண்டதை அவளுக்கு நான் இன்னும் எழுதவில்லை.

மாமா
கிளியோஃபஸ்


நியூ ஆர்லியன்ஸ்
8 மே 2016

மாமாவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தைப் பதினெட்டு நாள் பையிலேயே வைத்திருந்தேன். இன்று அன்னையர் தினம். மூன்று ஷோ. ஊரில் உள்ளவர்கள் எல்லாம் அவரவர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, என் அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். இப்போது கால் வலியோடு இதை எழுதுகிறேன்.

பிரித்துச் சொல்ல எனக்கும் தெரியாது. முதல் வருஷம் கோபத்தில் ஆரம்பித்தேன். ஜனங்களுக்கு அவளைப் பிடித்துவிட்டது. பிறகு எனக்கும் நிறுத்த முடியவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு சாயங்காலம் நான் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. தட்டினதும் ரேடியோ நின்றது. நான் இன்னும் நாலு தடவை தட்டினேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

கண் தெரிந்த காலத்தில் அம்மா பார்க்கவில்லை. இப்போது பார்க்க வேண்டுமாம். எதை? அவள் வெளியே அனுப்பின பையன் இங்கே இல்லை மாமா. சபைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கு நான் கால்சட்டை போட்டுக்கொண்டு போய் நிற்க மாட்டேன். அவள் இங்கே வரட்டும். முன்வரிசையில் இடம் இருக்கிறது.

அவளிடம் சொல்லாதீர்கள். சொன்னீர்களானால் நான் இடம் மாறிவிடுவேன். உங்களுக்கு மறுபடியும் ஏழு இடம்.

நீங்கள் எழுதக் கற்றுக்கொண்டது எனக்குச் சந்தோஷம். இதை மட்டும் மனசார எழுதுகிறேன்.

ஜெரோல்


நாச்சஸ்
12 ஜூன் 2016

அன்புள்ள அண்ணனுக்கு,

இருக்கிறேன். இது என் கையால் எழுதுகிற கடைசிக் கடிதமாக இருக்கலாம். வரி மேல் வரி ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். எழுத்து உனக்கு வந்தது, எனக்குப் போகிறது. வீட்டில் ஒரு ஆளுக்குத்தான் என்று கர்த்தர் வைத்திருக்கிறாரோ என்னவோ.

இனிமேல் எங்கள் சபையின் சகோதரி பூத் வந்து வாசித்துக் காட்டுவாள், சொல்லச் சொல்ல எழுதுவாள். நல்லவள்தான். எனக்குக் காலில் செருப்புக்கூட மாட்டிவிடுகிறாள். ஆனால் அன்றைக்குச் சபை நடுவில் எழுந்து ஜெரோலைப் பெயர் சொல்லிப் பாவி என்றது அவள் புருஷன். இவள் அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், விடவே இல்லை. கண் போனபிறகும் என்னைச் சபை வாசலில் நிற்க வைக்கிறோம் என்கிறார்கள். எனக்கு மிச்சம் இருப்பது அந்த வாசல்தான். அதனால் யோசித்து எழுது.

அண்ணா, நான்காவது இடத்தைப் பற்றி எழுதினாயே, அதில் என்ன சாப்பிட்டாய் என்று இல்லை. ஐந்தாவது, ஆறாவது பற்றி இரண்டு அட்டை போட்டாய், அவற்றிலும் இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நீ சாப்பாட்டைச் சொல்லாமல் எதையும் சொன்னதில்லை. அம்மா செத்த அன்றைக்குக்கூட ரயிலில் சாப்பிட்ட ரொட்டியைப் பற்றிச் சொன்னாய்.

அவனைக் கண்டுவிட்டாயா? என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறானா? இல்லை, செத்துப்போய்விட்டானா? எதுவாக இருந்தாலும் எழுது. சகோதரி பூத்துக்குப் புரியாத மாதிரி எழுது.

வெர்லீன்


நியூ ஆர்லியன்ஸ்
10 ஜூலை 2016

அன்புள்ள வெர்லீனுக்கு,

நலம். இதை வாசிக்கும் சகோதரி பூத் அவர்களுக்கும் என் வணக்கம். நான் மெதுவாக எழுதுகிறவன், நீங்களும் மெதுவாக வாசியுங்கள்.

நான்கு வாரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினேன். ஒருவர் சொல்லாதே என்கிறார், ஒருவர் சொல் என்கிறார். இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள். எழுதத் தெரியாதவனாக இருந்தபோது இந்தக் கஷ்டம் இல்லை.

இன்று ஒரு அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். உன் பெயர்தான் அவருக்கும், வெர்லீன். பிறந்தநாளும் உன்னுடைய செப்டம்பர் பதினெட்டுதான். ஞாயிறுதோறும் ஒரு சாப்பாட்டு இடத்தில் வருகிறவர்களை உட்கார வைக்கிறார். உன்னை மாதிரியே வெள்ளைக் கையுறை, ஊதாத் தொப்பி. தாமதமாக வந்தால், ‘ஆண்டவருக்குக் காரும் இல்ல’ என்கிறார். விசிறியால் உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, ‘உக்காரு’ என்கிறார். பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

வயது இருபத்தொன்பதுதான். சிரித்தால் முன்பற்களுக்கு நடுவில் சந்து தெரிகிறது. உடம்பு கொஞ்சம் இளைப்பு, ஆனால் ஆரோக்கியம். ஊரில் எல்லோருக்கும் அவர் மேல் பிரியம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உடுப்பு தெரியாமல் டாலர் குத்துகிறார்களாம்.

தன்னைப் பெற்ற அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நீ வர முடியாது, அவர் வர மாட்டார். நான் நடுவில் ஒரு தபால்தலை வாங்கத்தான் லாயக்கு. அங்கே பாட்டுக்கு உதடு அசைப்பதெல்லாம் கண்ணால் பார்ப்பது. நாளைக்கு உன்னைக் கைப்பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தாலும் உனக்கு என்ன கிடைக்கும் என்று நினைக்கும்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மருந்தை விடாதே.

கிளியோஃபஸ்


நாச்சஸ்
28 ஆகஸ்ட் 2016

அன்புள்ள அண்ணனுக்கு,

சகோதரி பூத் கையெழுத்து, நான் சொல்லச் சொல்ல. உன் கடிதத்தை அவளை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது என்கிறாள்.

போன மாதக் கடைசியில் ஓரத்தில் தெரிந்ததும் போயிற்று. இனி எனக்கு யாருக்கும் முகம் இல்லை, குரல்தான்.

அந்த அம்மாவிடம் சொல். விசிறியால் இரண்டு தட்டு இல்லை, மூன்று தட்டு. இரண்டு தட்டினால் கொசு அடிக்கிறோம் என்று நினைப்பார்கள். தொப்பி வலது பக்கம் சாய வேண்டும், இடது பக்கம் சாய்ந்தால் அது கல்யாண வீடு. கையுறையை வாரம் ஒரு தடவை எலுமிச்சம் சாற்றில் ஊறவைக்க வேண்டும். இதையெல்லாம் சரியாகச் செய்கிறாளா என்று கேட்டு எழுது. இளைத்திருக்கிறாள் என்றாயே, எவ்வளவு இளைப்பு?

உதட்டை மட்டும் அசைப்பார்கள் என்று முன்பு எழுதினாய். நான் வரவும் முடியாது, பார்க்கவும் முடியாது. குரலை அனுப்பலாம் இல்லையா. சபையின் கேசட் மெஷினைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். நான் வாசலில் சொல்வதை அப்படியே பேசித் தருகிறேன். பிறந்தநாளுக்கு என் பரிசு. நாளைக்குப் பேசி அனுப்புகிறேன்.

உன் தங்கை,
வெர்லீன்

எழுதுபவர் குறிப்பு: கிளியோஃபஸ் சகோதரரே, அந்தப் பெண் தெய்வபக்தி உள்ளவளாகத் தெரிகிறாள். இந்தக் காலத்தில் இப்படி இளம்பெண்கள் அபூர்வம். நாச்சஸ் பக்கம் வந்தால் எங்கள் சபைக்கு அழைத்து வாருங்கள். — ஓடெல் பூத்


நியூ ஆர்லியன்ஸ்
19 செப்டம்பர் 2016

அன்புள்ள தங்கை வெர்லீனுக்கு,

நேற்று உன் பிறந்தநாள். எழுபது. நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை உனக்கு யார் வாசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. சகோதரி பூத் இன்னும் வருகிறார்களா, தெரியவில்லை. உன்னை இன்னும் அந்த வாசலில் நிற்க விடுகிறார்களா, அதுவும் தெரியவில்லை. வாசிப்பது யாராக இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். பிடிக்காத இடம் வந்தாலும் விட்டுவிடாதீர்கள். ஒருத்தர் வாசிக்காமல் விட்ட வரிகளால் நான் இரண்டு மாதம் இழந்தவன்.

போன ஞாயிறு கேசட்டைப் பின்வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜெரோல் அதைக் கையில் வாங்கி, ‘சொல்லிட்டீங்களா?’ என்றான். ‘நான் சொல்லல. ஒரு அம்மாவப் பத்தி எழுதினேன்’ என்றேன். ‘மாமா, உங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தவங்கள உதைக்கணும்’ என்றான். இடம் மாறிவிடுவானோ என்று அந்த ஏழு இடப் பட்டியலை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டேன். நேற்றுப் போனபோது பலகையில் பெயர் இருந்தது.

பாட்டு மெஷின்காரன், ‘ஒரு தடவை போட்டுக் கேட்டுக்க’ என்றானாம். இவன், ‘எங்கம்மா வாசல்ல பேசறது எனக்குத் தலைகீழா தெரியும், கேக்க வேண்டாம்’ என்று சொல்லிவிட்டானாம்.

தொப்பி வலது பக்கம் சாய்ந்திருந்தது. உன் குரல் வந்தது. ‘வாங்க வாங்க’ என்றாய். அவன் உதடு அசைந்தது. வெர்லீன், ஒரு எழுத்து பிசகவில்லை. ‘காரும் இல்ல’ என்பதற்கு முன்னால் நீ மூக்கை உறிஞ்சுவாய், அதுகூட அவன் முகத்தில் வந்தது. முன்கூட்டிக் கேட்காதவன். மூன்று தட்டும் தட்டினான். முப்பது மேஜையும் எழுந்து நின்று கைதட்டியது. நானும் முழங்காலை மறந்து எழுந்தேன். ஆட்கள் ஊசியோடு கிளம்பி வந்து அவன் உடுப்பில் டாலர் குத்த ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் கேசட்டில் இன்னும் பேச்சு இருந்தது தெரிந்தது. ‘ஜெரோல், சாப்டியாடா?’ என்றாய்.

அவன் உதடு நின்றுவிட்டது.

அதற்குப் பின்னால், ‘வெர்லீன், யாரக் கேக்குற நீ?’ என்று ஒரு குரல். ஜனங்கள் சிரித்தார்கள், ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்து. சகோதரி பூத், அது உங்கள் குரல். அவர்கள் உங்களைக் கேலி செய்யவில்லை, அவர்களுக்குத் தெரியாது. அப்புறம் நீ, ‘எம் மகனத்தான்’ என்றாய். கேசட் முடிந்தது.

அவன் அப்படியே நின்றான். நெஞ்சு முழுக்க டாலர், கையில் விசிறி. மெஷின்காரன் அடுத்த பாட்டைப் போடலாமா என்று சைகையில் கேட்டான். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்க் கையைப் பிடிக்கவா, உட்கார்ந்தே இருக்கவா என்று எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னாலும் நான் இப்படித்தான் இருந்தேன், அதனால் இதை எழுதுகிறேன். அவன் என் வீட்டுக்கு வரவில்லை என்று உனக்குச் சொன்னேன். வந்தான். ஐந்து தடவை தட்டினான். நான் ரேடியோவை அணைத்துவிட்டு உள்ளே நின்றேன். நீ சொன்னதற்காக என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டேன். நானும் பயந்தேன் என்பதுதான் நிஜம். அவன் அந்த ராத்திரி எங்கே படுத்தான் என்று கேட்டேன். பஸ் நிலையத்தில் என்றான்.

ஷோ முடிந்து பின்னால் போனேன். மாவு மூட்டை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நாச்சஸ் வருவானா என்று கேட்டேன். ‘தெரியல மாமா’ என்றான். போனாவது செய்வானா என்றேன். அதற்கும் தெரியல என்றான். உனக்குச் சொல்ல ஒரு வார்த்தை தரச் சொல்லிக் கெஞ்சினேன். தலையை ஆட்டினான், முடியாது என்று. கேசட்டைத் திருப்பிக் கேட்டேன். அதையும் தரவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

நீ கேட்டதற்கு அவன் பதில் சொல்லாததால் பார்த்த நான் சொல்கிறேன். சமையல்காரர் இறால் போட்ட சோளக் கஞ்சி கொடுத்தார். தொப்பியைக் கழற்றி மூட்டை மேல் வைத்துவிட்டு, குத்தின டாலர்களோடு நின்றுகொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டான். நானும் பக்கத்தில் நின்று அதையேதான் சாப்பிட்டேன்.

சாப்பிட்டான், வெர்லீன்.

உன் அண்ணன்,
கிளியோஃபஸ்